தங்கமாரியின் பொட்டு

எனக்குக் கதை கட்டத் தெரியாது. கலர் படத்தைக் கருப்பு வெள்ளை ஆக்கத் தெரியும். பதினோரு வருஷமாக அதுதான் பிழைப்பு. ஆகவே இதில் நானாகச் சேர்த்தது ஒரு வரி கூட இல்லை. நடந்த நேரமெல்லாம் கடை கம்ப்யூட்டரில் பதிவாகியிருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் அருப்புக்கோட்டைக்கு ஒரு நடை வந்தால் ஃபைலைத் திறந்தே காட்டுகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பேய் என்றால் நடு ராத்திரியில்தான் வரும் என்று நினைத்துக்கொண்டு படிக்காதீர்கள். இது பட்டப்பகலில் நடந்தது. சித்திரை மாசம். ரோட்டில் நாய் கூடப் படுக்காத வெயில்.

என் பெயர் ராமலட்சுமி. நெசவுக்காரர் வீடு. வீட்டுக்குள் தெலுங்கு, வெளியில் தமிழ். வீட்டுக்காரர் சென்னய்யா தவறி மூன்று வருஷம் ஆகிறது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் இம்மானுவேல் அண்ணன் ஸ்டுடியோ வைத்திருக்கிறார். அவர் கல்யாணம், காதுகுத்து என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைவார். நான் கடையில் உட்கார்ந்து படங்களைச் சரிபண்ணுவேன். முக்கால்வாசி, இறந்தவர்கள் படம்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. உயிரோடு இருப்பவர் கலர். போனவர் கருப்பு வெள்ளை. குடும்பமாக நிற்கும் படமாக இருந்தால் போனவரை மட்டும் கருப்பு வெள்ளை ஆக்கிவிட்டு மற்றவர்களை அப்படியே கலரில் விட்டுவிடுவேன். உயிரோடு இருக்கும் ஒருவரை, யார் கெஞ்சினாலும், நான் கருப்பு வெள்ளை ஆக்கியதில்லை. மூடநம்பிக்கை என்று இம்மானுவேல் அண்ணன் கேலி செய்வார். செய்துவிட்டுப் போகட்டும்.

சில கடைகளில் ஒரே பட்டனை அமுக்கி நிறத்தை உறிஞ்சிவிடுவார்கள். முகம் சாம்பல் பூசின மாதிரி ஆகிவிடும். எனக்கு அது பிடிக்காது. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி ஸ்லைடர் இருக்கிறது. சிவப்பை ஏற்றினால் முகம் வெளுக்கும், இறக்கினால் கறுக்கும். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து முகத்துக்கு ஏற்றபடி நிறுத்த வேண்டும். கடைசியில் நிழல் விழும் இடங்களுக்கு மட்டும் லேசாகப் பழுப்பு கொடுப்பேன். காபி டிக்காஷன் நிறம். அப்போதுதான் அந்த முகத்தில் ஒரு காலத்தில் ரத்தம் ஓடியது என்று தெரியும்.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. நம் ஆட்களுக்குச் செத்த பிறகாவது வெளுப்பாகிவிட வேண்டும். "கொஞ்சம் வெளுப்பாக் குடுங்கக்கா" என்று கேட்காத ஆளே கிடையாது. அதனால் என் கை தானாகச் சிவப்பை ஏற்றிவிடும். குங்குமமும் சிவப்புதானே? முகம் வெளுக்க வெளுக்கப் பொட்டும் வெளுத்துத் தோலோடு தோலாகக் காணாமல் போய்விடும். இப்படித்தான் ஒரு தடவை பாலவனத்தத்துக்காரர் ஒருவருடைய பெண்டாட்டி படத்தைப் பொட்டு இல்லாமல் கொடுத்துவிட்டேன். மறுநாள் ஃபிரேமைத் தூக்கிக்கொண்டு வந்து கடைவாசலில் நின்றார். "நான் செத்துட்டனா? நீ பாத்தியா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. அதிலிருந்து பொட்டு விஷயத்தில் நான் உஷார்.

அப்படியிருந்தும் அன்றைக்கு அதே தப்பில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

வியாழக்கிழமை. இம்மானுவேல் அண்ணன் ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தார். கடையில் நான் தனி. மணி 12.20. எங்கள் கடைக் கண்ணாடிக் கதவு திறந்தால் கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். அன்றைக்கு அந்தச் சத்தம் வரவில்லை. தலையைத் தூக்கினேன். எதிரே ஆள் நின்றார்.

நாற்பது வயது இருக்கும். கட்டம் போட்ட சட்டை. ஒரு பக்கத் தோள் முழுக்கப் புழுதி. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இன்னொரு கால் வெறுங்கால். வார் அறுந்திருக்கும், எங்கேயாவது கழற்றிப் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒரு படம் கருப்பு வெள்ளை ஆக்கணும்க்கா."

"யாரு படம்?"

"எம் பொண்டாட்டி. தங்கமாரி."

"எப்பத் தவறுனாக?"

"இன்னைக்குத்தான். காலைல."

காலையில் பெண்டாட்டி செத்து, மதியம் புருஷனே படம் போட வருவாரா? அனுப்புவதற்கு ஒரு பங்காளி, ஒரு மச்சினன் கூடவா இல்லை? கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. சாவு அன்றைக்கு யார் எப்படி இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. என் வீட்டுக்காரர் போன அன்று நான் தறிக்கு முன்னால் உட்கார்ந்து அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தேனாம். எனக்கே நினைவில்லை.

"எந்த ஊருண்ணே?"

"எம்.ரெட்டியபட்டிக்கு அங்கிட்டு. எம் பேரு பால்ச்சாமி. நாலு மணிக்கு எடுத்துருவாகக்கா. அதுக்குள்ள பொட்டு வச்சிரணும்."

படத்தை முடிக்கணும் என்று அவர் சொல்லவில்லை. பொட்டு வைக்கணும் என்றார். துக்கத்தில் வார்த்தை மாறுகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

கடை நம்பரைச் சொன்னேன். அவர் சட்டைப் பையில் கை வைத்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் என் போன் 'டிங்' என்றது. 12.22. வாட்ஸ்அப்பில் படம் வந்திருந்தது.

திருச்சுழி கோயில் வாசலில் எடுத்த படம். புருஷனும் பெண்டாட்டியும் ஒட்டி நிற்கிறார்கள். அவள் பச்சைச் சேலை. தலையில் கனகாம்பரம். இரண்டு கையிலும் கண்ணாடி வளையல். அர்ச்சனைத் தட்டைப் பிடித்துக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிறாள். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு. அவள் தோளில் அவர் கை. எனக்குப் பார்த்த உடனே அவளைப் பிடித்துப்போயிற்று.

"உங்கள வெட்டிட்டு அவுகள மட்டும் எடுத்துக்கிறேன்."

"வெட்ட வேண்டாம்க்கா. நானும் அவகூட இருக்கேன்."

"அண்ணே, உசுரோட இருக்கறவகள நான் கருப்பு வெள்ளை பண்றதில்ல."

அவர் என்னையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"சரி. அவ மட்டும் இருக்கட்டும். ஆனா பொட்டு இருக்கணும். பொட்டு இல்லாம அவள அனுப்பக் கூடாது."

அது எனக்கு நெஞ்சில் தைத்தது. சென்னய்யா போன பதினாறாம் நாள் என் நெற்றியில் இருந்ததை என் மாமியார்தான் துடைத்தார். அழுதுகொண்டேதான் துடைத்தார். ஆனாலும் துடைத்தார். இப்போது சின்னதாகக் கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு வைத்துக்கொள்கிறேன். அதற்கும் தெருவில் பேச்சு இருக்கிறது. ஒரு ஆம்பளை, பெண்டாட்டி நெற்றிப் பொட்டுக்காக இந்த வெயிலில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறாரே என்று நினைத்தேன். எப்படியாவது நல்லபடியாகச் செய்து கொடுத்துவிட வேண்டும் என்று இருந்தது.

ஃபேனுக்குக் கீழே உட்காரச் சொன்னேன். கதவோரத்து இரும்பு நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டார். எதிர்க்கடை மாரிக்கனி அக்காவுக்குப் போன் போட்டு இரண்டு டீ சொன்னேன். அக்கா வந்து இரண்டு கிளாஸையும் என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனாள். ஒன்றை எடுத்துக்கொண்டு போய் அவர் பக்கத்து ஸ்டூலில் வைத்தேன்.

வேலையை ஆரம்பித்தேன். அவரை வெட்டினேன். அவள் தோளில் இருந்த அவருடைய நான்கு விரல்களை மட்டும் கவனமாக அழித்தேன். படத்தின் மேல் கண்ணாடித் தாள் மாதிரி படியும் கருப்பு வெள்ளை லேயரைப் போட்டேன். மாநிற முகம், மேலே நேர் வெயில். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. சிவப்பை ஏற்றினேன். முகம் பளிச்சென்று திறந்துகொண்டது. நன்றாக வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் பார்த்தேன். நெற்றியில் பொட்டு இல்லை.

இது என் தப்புதான். பயப்பட ஒன்றுமில்லை. நெற்றியை மட்டும் தனியாகப் பிரித்து அந்த இடத்தில் சிவப்பை இறக்கினேன். முகம் வெளுப்பாகவே இருக்க, பொட்டு மட்டும் கறுத்து எழுந்து வந்தது. மணி 1.10. சேவ் பண்ணினேன்.

சேலை மடிப்பைச் சரிபண்ண ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் கழித்து முகத்துக்கு வந்தால், பொட்டு இல்லை.

மணி 1.22.

நான் எதையும் தொடவில்லை. நெற்றிக்குப் பிரித்த பகுதி அப்படியே இருந்தது. சிவப்பு இறங்கித்தான் இருந்தது. பொட்டு மட்டும் இல்லை. கம்ப்யூட்டர் பழசு, எங்கேயோ மாட்டிக்கொண்டது என்று ஃபைலை மூடினேன்.

"போயிருச்சாக்கா?"

திரும்பிப் பார்த்தேன். அவர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். மானிட்டரின் முதுகுதான் அவர் பக்கம் இருந்தது. அவருக்குத் திரை தெரியாது.

"என்னது?"

"பொட்டு."

"சின்னக் கோளாறுண்ணே. சரிபண்ணிருவேன்."

"வையிங்கக்கா." அவ்வளவுதான் சொன்னார்.

மறுபடி திறந்தேன். நெற்றியைப் புதிதாகப் பிரித்தேன். சிவப்பை அடிமட்டத்துக்கு இறக்கினேன். பொட்டு வந்தது. 1.40. இந்தத் தடவை கண்ணை எடுக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

1.55. போன் அடித்தது. இம்மானுவேல் அண்ணன். "கரண்டு இருக்காம்மா?" என்று கேட்டார். "இருக்குண்ணே" என்றேன். இரண்டு நொடிதான் திரும்பியிருப்பேன்.

பொட்டு இல்லை.

லேயரில்தான் ஏதோ ஆகிறது, மூலப்படத்தில் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாட்ஸ்அப்பில் வந்த கலர் படத்தைத் திறந்தேன்.

பச்சைச் சேலை. கனகாம்பரம். சிரிப்பு.

நெற்றி வெறுமை.

முழு வெறுமையும் இல்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். நடு நெற்றியிலிருந்து இடப்பக்கமாக ஒரு சிவப்புத் தீற்றல். கையால் அழுத்தித் துடைத்தால் இழுவுமே… அந்த மாதிரி.

கலர் படத்தை நான் தொடவே இல்லை. இது சத்தியம்.

"துடைக்கிறாக" என்றார் அவர்.

"யாருண்ணே?"

அவர் கதவுக் கண்ணாடி வழியே வெயிலைப் பார்த்தார்.

"மணி என்னக்கா?"

"ரெண்டாகப் போகுது."

"வையிங்க."

எழுந்து வெளியே ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் வெளியே போக அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பயத்தோடு எனக்குக் கோபமும் வந்துவிட்டது. யார் துடைக்கிறார்கள்? எதற்குத் துடைக்கிறார்கள்? சிரித்துக்கொண்டு நிற்கிற பெண் நெற்றியில் கை வைக்க இவர்கள் யார்?

ஸ்லைடர் வேண்டாம் என்று முடிவு பண்ணினேன். புது லேயர் போட்டேன். பிரஷ்ஷை எடுத்தேன். கையாலேயே வட்டமாகப் பொட்டு வைத்தேன். 2.05. யாரும் மாற்ற முடியாதபடி லேயரைப் பூட்டினேன்.

2.18.

சலக்… சலக்…

கண்ணாடி நொறுங்கும் சத்தம். கடைக்குள்தான். ஃபிரேம் கண்ணாடி சரிந்துவிட்டது என்று எழுந்து போய்ப் பார்த்தேன். எல்லாம் அடுக்கின மாதிரியே இருந்தது. ஒன்றும் உடையவில்லை.

திரும்பி வந்தேன்.

பூட்டின லேயர் காலி. பொட்டு இல்லை.

தட்டைப் பிடித்திருந்த அவள் கைகளைப் பார்த்தேன். வளையலும் இல்லை. கலர் படத்திலும் இல்லை.

அவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். ஸ்டூலில் டீ அப்படியே இருந்தது. ஆடை படிந்திருந்தது.

"அண்ணே… என்னால முடியலண்ணே."

"இன்னொருக்கா வையிங்க. நீங்க வச்சா நிக்கும்."

"ஏன்?"

தலையைத் தூக்கினார். என் நெற்றியைப் பார்த்தார். என் கறுப்புப் பொட்டைப் பார்த்தார்.

நான் அழுதுவிட்டேன். எதற்கு என்று இன்று வரை தெரியாது. அழுதுகொண்டே புது லேயர் போட்டேன். நிழலுக்குக் கொடுக்கும் அதே பழுப்பை எடுத்தேன். கெட்டியாக எடுத்தேன். பிரஷ்ஷை நெற்றி நடுவில் வைத்து, அமுக்கிச் சுற்றினேன்.

கரண்டு போனது.

ஃபேன் நின்றது. யூபிஎஸ் 'கீ' என்று கத்தியது. தூக்கிவாரிப் போட்டதில் கை இழுத்துவிட்டது. பொட்டுக்குக் கீழே இடப்பக்கமாகச் சின்னதாக ஒரு வால்.

2.31.

திரை மட்டும் வெளிச்சம்.

காத்திருந்தேன்.

பொட்டு நின்றது.

ஒரு நிமிஷம்… இரண்டு நிமிஷம்…

நின்றது.

"அண்ணே, நின்னுருச்சு" என்று திரும்பினேன்.

நாற்காலி காலி.

கதவு திறந்த சத்தம் வரவில்லை. வெளியே போய்ப் பார்த்தேன். சந்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வெறும் வெயில்.

யூபிஎஸ் அணைவதற்குள் படத்தை அவர் நம்பருக்கு அனுப்பிவிட்டேன். 2.36. கரண்டு நாலரைக்குத்தான் வந்தது. அன்றைக்கு அதற்கு மேல் வேலை செய்யவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன். காய்ச்சல்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு பெண் கடைக்கு வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. நல்லவேளை, அன்றைக்கு இம்மானுவேல் அண்ணனும் இருந்தார். அவள் பெயர் செல்லக்கிளி என்றாள். எம்.ரெட்டியபட்டிப் பக்கம் என்றாள்.

"ரெண்டு பேரையும் சேத்து ஒரே படமா கருப்பு வெள்ளை ஆக்கணும்க்கா" என்று போனை நீட்டினாள்.

திருச்சுழி கோயில் வாசல். பச்சைச் சேலை. கட்டம் போட்ட சட்டை.

"ரெண்டு பேருமா?" என்றேன்.

"எந் தங்கச்சியும் மச்சானும்."

"எப்ப?"

"வியாழக்கெழம காலைல ஆறு பத்து. திருச்சுழி ரோட்டுல லாரி இடிச்சிருச்சு. மச்சான் அங்கனயே போயிட்டாரு. தங்கச்சிக்கு உசுரு இருந்துச்சு. ஆம்புலன்ஸ்ல போற வழியில அதுவும் போயிருச்சு. ஆறு அம்பது."

இம்மானுவேல் அண்ணன் என்னைப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தார்.

"மச்சான் கால்ல செருப்பு…" என்று கேட்டேன்.

"ஒத்தச் செருப்புதான் இருந்துச்சு. இன்னொன்னத் தேடுனோம். கெடைக்கல. ஏன் கேக்குறீக?"

கம்ப்யூட்டரில் அந்த ஃபைலைத் திறந்து திரையை அவள் பக்கம் திருப்பினேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

பழுப்புக் கருப்பு வெள்ளையில் தங்கமாரி சிரித்தாள். நெற்றியில் பொட்டு இருந்தது.

செல்லக்கிளி வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். விரலால் திரையைத் தொட்டாள். அந்த வாலைத் தொட்டாள்.

"இத யாரு வச்சது?" என்று கேட்டாள்.

"நான்தான். வியாழக்கெழம மத்தியானம். ரெண்டு முப்பத்தொன்னுக்கு."

அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் சொன்னாள். நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து இருவரையும் பன்னிரண்டரைக்கு வீட்டுக்குக் கொண்டுவந்தார்களாம். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஃப்ரீசர் பெட்டி. செல்லக்கிளி தங்கச்சிக்குப் பூவும் பொட்டும் வைத்தாளாம். மச்சானுடைய அத்தை சந்தனம்மாள் எழுந்து வந்து தடுத்துவிட்டாளாம்.

"'புருசன் முந்திட்டான். நாப்பது நிமிசம்னாலும் இவ தாலியறுத்தவதான். பொட்டோட போகக் கூடாது'ன்னு சொல்லிட்டாகக்கா. எங்கம்மா கால்ல விழுந்து கேட்டுச்சு. கேக்கல. நான் வச்சேன். அவுக துடச்சாக. திரும்ப வச்சேன். திரும்பத் துடச்சாக. மூனாவது தடவ வளையலயும் ஒடச்சுப் போட்டு, மூஞ்சியத் தண்ணி விட்டுத் துடச்சு, பெட்டிய மூடிட்டாக. யாரும் தொறக்கக் கூடாதுன்னு அவுகளே தலமாட்டுல உக்காந்துக்கிட்டாக."

"அப்புறம்?"

"கரண்டு போயிருச்சு. பெட்டிக் கண்ணாடில பனி மூடிக்கிச்சு. மூஞ்சி தெரியலன்னு ஆளுக சத்தம் போட்டாக. அந்த அத்தைதான் மூடியத் தொறந்தாக…"

நிறுத்திவிட்டாள். போனை எடுத்து ஒரு படத்தைத் திறந்து என்னிடம் கொடுத்தாள். பிணத்தை எடுப்பதற்கு முன்னால், கடைசியாக முகத்தைப் படம் பிடித்து வைத்திருக்கிறாள்.

கலர் படம். மஞ்சள் செவ்வந்தி மாலை. சிவப்புக் கோடித் துணி. மூடிய கண்.

நெற்றியில் பொட்டு. குங்குமம் இல்லை. சிவப்பே இல்லை. டிக்காஷன் பழுப்பு.

கீழே இடப்பக்கமாக, சின்னதாக ஒரு வால்.

"அத்தை ஈரத்துணிய வச்சுத் துடச்சாக. எண்ணெய் விட்டுத் துடச்சாக. வரல. அதோடதான் பொதச்சோம்" என்றாள் செல்லக்கிளி.

என் போனை எடுத்து, பால்ச்சாமி எனக்கு அனுப்பிய படத்தை அவளுக்குக் காட்டினேன். வியாழன், 12.22. நான் திருப்பி அனுப்பினது 2.36. ஒரே டிக். போய்ச் சேரவில்லை. அவள் நம்பரைச் சரிபார்த்தாள். மச்சான் நம்பர்தான். "அந்தப் போனு ரோட்டுலயே நொறுங்கிப்போச்சுக்கா. போலீஸ் ஸ்டேசன்ல ஒரு கவர்ல போட்டு வச்சிருக்காக" என்றாள்.

மாரிக்கனி அக்காவிடமும் கேட்டேன். வியாழக்கிழமை கடையில் என்னைத் தவிர யாரையும் பார்க்கவில்லை என்றாள். இரண்டு டீயும் எனக்கே என்று நினைத்தாளாம்.

படத்தை இருவரும் சேர்ந்திருக்கிற மாதிரியே செய்தேன். இந்தத் தடவை அவரை வெட்டவில்லை. அவரும் கருப்பு வெள்ளை. அவள் தோளில் அவர் கை.

பிரிண்ட் போடுவதற்கு முன்னால் இம்மானுவேல் அண்ணன் பார்த்தார். அவருக்குக் கடைசி வரை இதில் நம்பிக்கை வரவில்லை. "அந்த வால மட்டும் எடுத்துரும்மா, பிசிறாத் தெரியுது" என்றார்.

அழிப்பானை எடுத்து வாலின் மேல் தேய்த்தேன். போகவில்லை.

மறுபடி தேய்த்தேன்.

போகவில்லை.

அண்ணன் மவுஸை என் கையிலிருந்து பிடுங்கி, பொட்டு வைத்த லேயரையே மொத்தமாக டெலிட் பண்ணினார்.

பொட்டு அங்கேயே இருந்தது.

வாட்ஸ்அப்பில் வந்த கலர் படத்தைத் திறந்தோம். பச்சைச் சேலை. கையில் வளையல் திரும்பி வந்திருந்தது. நெற்றியில் பழுப்புப் பொட்டு. வால்.

செல்லக்கிளி தன் போனில் இருந்த படத்தைப் பார்த்தாள். திருச்சுழியில் அவளே எடுத்த படம் அது. ஒரு வருஷமாக அவள் போனில் இருக்கிற படம்.

அதிலும் அதே பொட்டு.

இம்மானுவேல் அண்ணன் மவுஸை வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

"விட்ருங்கக்கா" என்றாள் செல்லக்கிளி. "இருந்துட்டுப் போகட்டும்."

அந்த ஃபைல் இன்னும் கடையில் இருக்கிறது. யார் கேட்டாலும் திறந்து காட்டுகிறேன். லேயர் இல்லை. பொட்டு இருக்கிறது.